பாடமாக்காதே, புள்ள

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் நீ அனுப்பிய கோப்பு வந்து சேர்ந்தது. "மாமா, சோதனைக்கு வாற கேள்வி முழுக்க இதுக்குள்ள இருக்காம்" என்று கூடவே ஒரு குரல்பதிவு. அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டால், சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ வலையமைப்புச் சான்றிதழுக்குச் சட்டமும் போட்டுச் சுவரில் மாட்டியாயிற்று என்றுதான் கொம்மா நினைத்திருப்பா. கோப்பைத் திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் கீழே விடை. ஏன் அந்த விடை என்று ஓரிடத்திலும் ஒரு வரி இல்லை. நான் அழித்துவிட்டேன். நீயும் அழித்துவிடு.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன். சோதனை தொடங்குமுன் கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன், களவாக வந்தவற்றைப் பாவிக்கமாட்டேன் என்று நீ சம்மதம் கொடுத்துத்தான் உள்ளே போகவேண்டும். பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழைப் பறிக்கும், மறுபடி எழுதவும் விடாது. கட்டணம் 300 டொலர். டொலர் முந்நூறு ரூபாயைச் சுற்றி நிற்கிற இந்த நாளில் அது 90,000 ரூபாய்க்குக் கிட்ட. கொப்பா எத்தனை மூட்டை நெல் விற்றால் அந்தக் காசு வரும் என்று உனக்குத் தெரியும்.

இதெல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வேலைத்தலத்தில் பழுது வரும்போது நான்கு விடையைக் கையில் பிடித்துக்கொண்டு வராது. மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையின் கணினி அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூலையில் இருந்த மூன்று கணினிகளுக்கு மட்டும் இணையம் இல்லை. லைன் பிழை என்றார் ஒருவர், வைரஸ் என்றார் இன்னொருவர். ஒரு கணினியை முழுக்க அழித்து விண்டோசைப் புதிதாகப் போட்டும் பார்த்திருந்தார்கள். நான் ஐபிகொன்ஃபிக் கட்டளையை அடித்தேன். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தது. முகவரி வழங்கும் டிஎச்சிபியிடம் கேட்டும் பதில் வராததால் கணினி தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அதற்கு அர்த்தம். சரி, பதில் ஏன் வரவில்லை? அந்த மூன்றும் அலுமாரிக்குப் பின்னால் கிடந்த ஒரு சின்ன சுவிட்சில் பூட்டியிருந்தன. கணினிகளுக்குப் போகும் மூன்று விளக்கும் பச்சையாக மின்னின, பெரிய சுவிட்சுக்குப் போகும் விளக்கு மட்டும் அணைந்து கிடந்தது. கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனால், நுனிக்குச் சற்று முன்னால் எலி கடித்த இடம். அதற்கு மேலே வெட்டி, வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம் என்று எட்டு நூலையும் வரிசைப்படுத்திப் புது முனை அடித்தவுடன் மூன்றும் உயிர்பெற்றன. எந்தக் கேள்விக் கோப்பிலாவது எலி இருக்கிறதா என்று தேடிப் பார்.

அதனால்தான் சொல்கிறேன், விடையைப் பாடமாக்காதே. ஒரு கேள்வி வந்தால் எங்கே தொடங்கி எங்கே போய்த் தேடுவது என்ற வழியைக் கைக்குப் பழக்கு. ஏழு அடுக்கு என்று நீ ஒப்புவிக்கிற ஓஎஸ்ஐ மாதிரியும் அதற்குத்தான். கேபிளில் தொடங்கி, சுவிட்ச், முகவரி, பாதை, பெயர் என்று படிப்படியாக மேலே ஏறு. ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்று. இரண்டைச் சேர்த்து மாற்றினால், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று உனக்குத் தெரியாமல் போய்விடும்.

இனி நீ ஓடி ஒளிகிற, வலையமைப்பைத் துண்டுகளாகப் பிரிக்கும் சப்நெற் கணக்குக்கு வருவோம். அதற்கென்று ஒரு கொப்பி வை. கல்குலேட்டர் வேண்டாம், சோதனை மண்டபத்துக்குள் அது வரவும் வராது. 192.168.10.70/26 என்று கேட்டால் பயப்பட என்ன இருக்கிறது? 32 பிட்டில் 26 போனால் மிச்சம் 6. இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64. ஆகவே 0, 64, 128, 192 என்று நான்கு துண்டு. 70 இரண்டாவது துண்டுக்குள் விழுகிறது. வலையமைப்பின் முகவரி 64, ஒலிபரப்பு முகவரி 127, கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 126 வரை 62. மாஸ்க் 255.255.255.192. காலையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் இப்படிச் சிலதைச் செய்து முடி. வெருகல் முருகன் திருவிழா முடியட்டும், பிறகு தொடங்குகிறேன் என்று சொல்லாதே. முருகன் கோபிக்கமாட்டார்.

சோதனையின் எண் 200-301, நேரம் 120 நிமிடம். எதற்கு எவ்வளவு பங்கு என்று அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். அடிப்படைக்கு 20 வீதம், சுவிட்சும் வைஃபையும் வருகிற பகுதிக்கு 20, பாதை கண்டுபிடிக்கும் பகுதிக்கு 25. இந்த மூன்றுமே 65 வீதம் ஆகிவிட்டது. மிச்சத்தில் பாதுகாப்புக்கு 15, சேவைகளுக்கும் தானியக்கத்துக்கும் பத்துப் பத்து. நீயோ தானியக்கம்தான் புதுசு, வடிவாக இருக்கிறது என்று அதிலேயே கிடக்கிறாய் என்று கொம்மா சொன்னா. அத்திவாரம் போடாமல் ஓடு வேயலாமோ?

பாதைப் பகுதி உனக்கு விளங்கவில்லை என்றாய். ஈச்சிலம்பற்றில் பிறந்தவளுக்கு அது விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்? திருமலையிலிருந்து மூதூருக்கு வீதியும் உண்டு, கொட்டியாரக் குடாவைக் கடக்கிற கடல்வழியும் உண்டு. கிண்ணியாவில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்த காலத்தில் சனம் லோஞ்சைத்தான் நம்பியது. 2009இல் 396 மீட்டர் நீளப் பாலம் திறந்தபின் பலர் வீதியால் போகத் தொடங்கினார்கள். மாரியில் வெள்ளம் வந்து வீதி மறிபட்டால் மறுபடி லோஞ்ச் எப்போது என்று கேட்கிறோம். ரவுட்டரும் அப்படித்தான். ஒரே இடத்துக்கு இரண்டு வழி தெரிந்தால் நம்பிக்கை எண் சிறிதாக உள்ளதை எடுக்கும். நேரே பூட்டியிருப்பதற்கு 0, நீ கையால் எழுதிய வழிக்கு 1, ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் சொன்னதற்கு 110. கையால் எழுதும் வழிக்கு 200 என்று எண்ணைக் கூட்டி வைத்தால், மற்ற வழி விழும்வரை அது பேசாமல் காத்துக்கொண்டிருக்கும்.

பழகுவதற்குச் சாமான் இல்லை என்று சாட்டுச் சொல்லாதே. சிஸ்கோவின் பக்கெட் ட்ரேசர் இலவசம், உன் பழைய மடிக்கணினியிலேயே ஓடும். ஓரிரண்டு ரவுட்டரை இழுத்து வைத்து, பூட்டி, நீயே பழுதாக்கி, நீயே திருத்து. எழுதி முடித்தவுடன் "கொப்பி ரன்னிங்-கொன்ஃபிக் ஸ்டார்ட்டப்-கொன்ஃபிக்" என்று அடித்துச் சேமிப்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொள். ரவுட்டரில் ஓடிக்கொண்டிருப்பது கறண்ட் போனால் அழிந்துவிடும், சேமித்தது மட்டும்தான் திரும்பி வரும். எங்கள் பக்கத்துக் கறண்டைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேபிளின் இரண்டு முனையிலும் பெயர் ஒட்டுவதும் அப்படித்தான். ஒட்டும்போது வீண்வேலை போலிருக்கும். இரவு பதினொரு மணிக்கு டோர்ச் லைட்டோடு நிற்கும்போது ஒட்டியவரைக் கும்பிடத் தோன்றும்.

ஆங்கிலம்தான் பயம் என்று எழுதியிருந்தாய். உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலச் சோதனைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் இருக்கிற பயம் அது. ஒரு விசயத்தை முதலில் தமிழில் கொம்மாவுக்கு விளங்கப்படுத்து. பெயரைச் சொன்னால் டிஎன்எஸ் எப்படி முகவரியைத் தேடித் தருகிறது, 2010 முதல் .இலங்கை என்று தமிழிலேயே இணையப் பெயர் முடியலாம் என்றெல்லாம் சொல்லிப் பார். அவ "ஓமோம்" என்று மீன் வெட்டிக்கொண்டே தலையாட்டினால் விளங்கவில்லை என்று எடுத்துக்கொள். கத்தியை வைத்துவிட்டுத் திருப்பிக் கேள்வி கேட்டால் நீ சரியாகச் சொல்லியிருக்கிறாய். பிறகு அதையே ஆங்கிலத்தில் நாலு வரி எழுது. தமிழில் விளங்கிய விசயத்துக்கு ஆங்கிலச் சொல் தானாக வந்து ஒட்டும்.

சோதனையை வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் கமராவுக்கு முன்னால் தனி அறையில் இருக்கவேண்டும், யாரும் உள்ளே வரக்கூடாது, இணையம் அறுபடக்கூடாது. எங்கள் வீட்டில் இதில் எது நடக்கும்? கொழும்புக்குப் போய் நிலையத்திலேயே எழுது. முதல் நாளே போய்விடு, பஸ்ஸில் நித்திரை முழித்து வந்த கண்ணோடு போய் இருக்காதே. ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பிப் போகமுடியாது, ஆகவே கேள்வியைக் கடைசிச் சொல்வரை வாசி. "எது பொருந்தாது" என்று கேட்டதற்குப் பொருந்துகிறதைக் குறித்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். தவறினாலும் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுத விடுவார்கள். கட்டணம் மட்டும் மறுபடி கட்டவேண்டும். கிடைத்த சான்றிதழுக்கும் ஆயுள் மூன்று வருசம்தான். பிறகு புதுப்பிக்கவேண்டும்.

இன்னும் ஒன்று, கவனமாகக் கேள். இந்த வேலை தெரிந்தவளிடம் ஊர் தன் கடவுச்சொற்களைத் தரும். கடைக்காரர் தருவார், பாடசாலை தரும், பக்கத்து வீட்டு அன்ரி போனையே கையில் தந்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவா. ஒருவர் தந்ததை இன்னொருவருக்குச் சொல்லாதே. பழுது பார்க்கத் தந்த போனில் பழுதை மட்டும் பார். சான்றிதழைப் புதுப்பிக்கலாம், போன பெயரைப் புதுப்பிக்கமுடியாது.

நாளைக் காலையில் கொப்பியைத் திற. செய்த கணக்குகளைப் படம்பிடித்து எனக்கு அனுப்பு, சரிவந்தவை வேண்டாம், பிழைத்தவை மட்டும் போதும். எந்த இடத்தில் வழி தவறினாய் என்று இரண்டு பேருமாகப் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா
திருகோணமலை