மடக்குக் கத்திகளும் அவற்றின் பூட்டுகளும்

மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டவும், மூட்டையின் தையலைப் பிரிக்கவும், கயிறு அறுக்கவும் உதவும் சிறு மடக்குக் கத்தி, குடியானவர் மடியில் எப்பொழுதும் இருக்கத்தக்க சாதனமாகும். அதை வாங்குவோர் அலகின் கூர்மையையும் விலையையும் பார்க்கின்றனரேயன்றி, விரித்த அலகை நிறுத்தி வைக்கும் அமைப்பைக் கவனிப்பது அரிது. விரல்களுக்கு ஆபத்து நேர்வதோ அவ்வமைப்பின் குறையினாலேயே.

பூட்டு ஏன் வேண்டும்?

அலகின் வாய் பொருளில் அழுந்தும்போது அலகு மேலும் விரியவே முயலும். ஆகையால் பூட்டுக்கு வேலையில்லை. முனையால் குத்தித் துளையிடும்போதும், மரத்தில் சிக்கிய அலகை அசைத்துப் பிடுங்கும்போதும் விசை முதுகின்மேல் திரும்புகிறது. அப்பொழுது அலகு மடங்கி விரல்களின்மேல் விழும். இதைத் தடுப்பதே பூட்டின் பயனாகும்.

வகைகள்

1. பூட்டில்லாதது: ஜப்பானில் மிக்கி என்னும் ஊரில் 1890களில் தோன்றிய ஹிகோனோகாமி இவ்வகையது. அலகின் அடியில் நீண்டிருக்கும் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரையில் அலகு நிற்கும். விலை குறைவு, பழுதாகும் உறுப்பும் இல்லை. ஆனால் விரல் தளர்ந்தால் காப்பில்லை.

2. வில் தகடு: சாதாரணப் பேனாக்கத்திகளும், 1891-இல் கார்ல் எல்செனர் சுவிட்சர்லாந்துப் படைவீரருக்குச் செய்தளித்த கத்தியும் இத்தகையன. கைப்பிடியின் முதுகிலுள்ள வில் அலகை அழுத்தி நிறுத்தும். பலமாகத் தள்ளினால் விட்டுவிடும். ஆதலால் இதைப் பூட்டென எண்ணலாகாது.

3. வளையப் பூட்டு: பிரான்சு தேசத்தின் சவோய் மலைநாட்டில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி, அந்நாட்டு உழவரிடையே பரவியது. இதற்கு 1955-இல் மார்செல் ஒப்பினெல் எஃகு வளையம் ஒன்றைச் சேர்த்தார். வளையத்தைத் திருப்பினால் அலகு திரும்பும் பிளவு மூடப்படுகிறது. மலிவான கத்திகளில் இது எளிதும் உறுதியுமான ஏற்பாடு. ஆயினும் திருப்ப மறந்தால் பூட்டு இருந்தும் இல்லாததே. மேலும், மழையில் நனைந்த பிடி ஊதி அலகு இறுகும்.

4. முதுகுத் தாழ்: அமெரிக்காவில் 1964-இல் வெளிவந்த பக் 110 என்னும் கத்தியால் பிரபலமடைந்தது. அலகை விரித்தவுடன் தாழின் கொக்கி அதன் அடியிலுள்ள வெட்டில் தானே விழும். அவ்வெட்டில் மண்ணோ பிசினோ சேர்ந்தால் கொக்கி முழுவதும் இறங்காது.

5. உட்தகட்டுப் பூட்டு: கைப்பிடியினுள் உள்ள மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும். ஒரு கையால் இயக்கலாம். ஆனால் மடக்கும்போது கட்டைவிரல் அலகின் வழியில் நிற்கிறது. மலிவான கத்தியில் தகடு தேய்ந்து நழுவக்கூடும்.

சோதிக்கும் முறை

அலகை விரித்துப் பூட்டி, விரல்கள் அலகு மடங்கும் வழியில் வராதபடி கைப்பிடியின் இரு பக்கங்களை மட்டும் பிடித்து, அலகின் முதுகை ஒரு கட்டையின்மேல் மெதுவாக அழுத்த வேண்டும். சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டுக; ஓங்கி அடிக்கலாகாது. பூட்டு நழுவினால் அக்கத்தியைத் தள்ளிவிடுக. வாங்கும்போது மட்டுமன்றி, மாதம் ஒரு முறையும் இவ்வாறு பார்த்தல் நலம்.

பாதுகாப்பு

மாம்பாலும் எலுமிச்சைச் சாறும் பட்ட அலகை உடனே துடைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக்கு இக்கவலை குறைவு. சாதாரண எஃகு எளிதில் தீட்டப்படும், ஆனால் விரைவில் துருவேறும். பூட்டின் இடுக்கைச் சிறு தூரிகையால் சுத்தம் செய்து, அலகு சுழலும் ஆணியில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுதல் போதுமானது.

முடிவு

ஒட்டுக் கட்டுதல் போன்ற நுண்ணிய வேலைக்கு வில் தகட்டுக் கத்தியே போதும். குத்தவும் பிடுங்கவும் நேரும் வேலைக்குப் பூட்டுள்ளதே வேண்டும். கிளை தறிப்பதற்கோ அரிவாளே ஏற்றது. எந்தப் பூட்டும் மடக்குக் கத்தியை அரிவாளாக்காது. தோட்ட வேலையாட்களுக்குக் கத்தி வாங்கிக் கொடுக்கும் நிலக்காரர் ஒன்றை மறவாதிருத்தல் நலம்: விலையில் மிச்சப்படுவது அவருடைய பணம், பூட்டு நழுவினால் அறுபடுவதோ பிறருடைய விரல்.