அரசமரத்தடிக்குப் போகும் படங்கள்: பழைய அச்சோவியங்களை அறிதலும் பேணுதலும்

பழைய வீடு ஒன்று இடிபடும்போது கதவு, நிலை, உத்தரம் ஆகிய எல்லாவற்றுக்கும் விலை பேசப்படுகிறது. பித்தளைப் பாத்திரங்கள் எடை போடப்படுகின்றன. மூன்று தலைமுறையாகக் கூடத்துச் சுவரில் தொங்கிய கண்ணாடிச் சட்டமிட்ட படங்களை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. தெய்வப் படத்தைக் குப்பையில் இட மனம் ஒப்புவதில்லை. புதிய வீட்டின் சுவரில் மாட்டவும் விருப்பம் எழுவதில்லை. ஆகவே அவை கோயிலருகே உள்ள அரசமரத்தடிக்குச் சென்று சேர்கின்றன. திருக்காளத்தியிலிருந்து நாயுடுபேட்டை வரை சுவர்ணமுகிக் கரையோர ஊர்களில் இக்காட்சி புதிதன்று. ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு முறை பெய்தால் காகிதம் கூழாகிவிடும். எஞ்சுவது சட்டமும் உடைந்த கண்ணாடியுமே.

அவ்வாறு விடப்படும் படங்களுள் பெரும்பாலானவை எளிய நாட்காட்டிப் படங்கள்தாம் என்பது உண்மையே. ஆயினும் அவற்றினிடையே நூறாண்டு கடந்த கல்லச்சுப் படம் ஒன்று கிடப்பதும் உண்டு. வீட்டுச் சுவரை அழகுபடுத்த ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் புதிய அலங்காரப் படங்களை வாங்கும் நாம், கையிலிருக்கும் பழம்படத்தை இன்னதென்று அறியாமலே கைவிடுகிறோம்.

கல்லச்சு என்பது ஜெர்மானியரான அலோய்ஸ் செனெஃபெல்டர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்த முறை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டுமே மை ஒட்டும். நீர் ஏறிய இடம் அதை விலக்கும். வண்ணப் படமாயின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். ஒரே தாளைக் கல் கல்லாக, மயிரிழை பிசகாமல் அச்சிட வேண்டும். இவ்வாறு அச்சிட்ட தாளின்மேல் மெருகெண்ணெய் பூசி, துணியில் தீட்டிய ஓவியம் போன்ற சொரசொரப்பையும் அழுத்திப் பதித்தால் அது ‘ஓலியோகிராஃப்’ எனப்பட்டது.

நம் நாட்டில் இம்முறையை இல்லந்தோறும் கொண்டு சென்றவர் ராஜா ரவி வர்மா. 1848இல் கிளிமானூரில் பிறந்த அவர், 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார். அவருடைய ஓவியங்கள் மன்னர்களின் மாளிகைகளுக்கே உரியவையாக இருந்தன. அவற்றை அச்சில் ஏற்றினால் நாடு முழுவதும் பயன்பெறும் என்று அவருக்கு எடுத்துரைத்தவர் திவான் டி. மாதவ ராவ். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது லோனாவ்லா அருகேயுள்ள மலவ்லிக்கு இடம்பெயர்ந்தது. கடன் சுமையால் ரவி வர்மா அதைத் தம்மிடம் பணியாற்றிய ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைகருக்கு விற்க நேர்ந்தது. கலை மேதைமையும் கணக்குப் புத்தகமும் ஒரே கையில் அமைவது அரிது என்பதை வங்கியில் பணிபுரிவோர் நன்கு அறிவர். ரவி வர்மா 1906இல் மறைந்த பின்னரும் அச்சகம் பல்லாண்டு நடந்தது; 1972இல் தீ விபத்து ஒன்று அதை அழித்தது.

தாமரைமேல் நிற்கும் இலக்குமியும், வீணை ஏந்திய கலைமகளும் இன்று நாம் மனத்தில் காணும் உருவைப் பெரிதும் பெற்றது இப்படங்களால்தான். கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்களின் வீடுகளுக்கும் இவை சென்றன. கலை வரலாற்றில் அவற்றின் இடம் குறித்து அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. சமூக வரலாற்றில் அவற்றின் இடத்தை மறுப்பார் இலர்.

இனி, படத்தை எவ்வாறு அறிவது? முதலில் பார்க்க வேண்டியது முகத்தை அன்று, கீழ் ஓரத்தை. ரவி வர்மா அச்சகத்தின் பெயரும், பிற்காலப் படங்களில் கார்லா, லோனாவ்லா ஆகிய ஊர்ப்பெயர்களும் சிறிய ஆங்கில எழுத்தில் அங்கே அச்சாகியிருக்கும். ‘ஜெர்மனியில் அச்சிடப்பட்டது’ என்ற குறிப்புள்ள படங்களும் உண்டு. அக்காலத்தில் இந்திய வணிகர்கள் தெய்வப் படங்களை அந்நாட்டில் அச்சிட்டு வருவித்தனர். அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கன்னத்தையோ வானத்தையோ நோக்குக. கல்லச்சாயின் கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கின்றி, மணல் தூவியது போல் தோன்றும். பிற்கால ஆஃப்செட் அச்சாயின் நான்கு வண்ணப் புள்ளிகள் கோலப்புள்ளி போல் வரிசை தவறாமல் நிற்கும். நகை மதிப்பீட்டாளர் கண்ணில் பொருத்தும் லென்சே இதற்குப் போதுமானது.

மூன்றாவது சோதனை சட்டத்தைக் கழற்றிய பின் செய்வது. சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த ஓரப்பகுதி ஒளி படாமையால் வண்ணம் மங்காமல் இருக்கும், நடுப்பகுதி வெளிறியிருக்கும். பழைய தேக்குச் சட்டத்தில் புதிய நகலைப் பொருத்தித் தேயிலைச் சாற்றால் பழுப்பேற்றி விற்பவர்கள் இந்த வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. சட்டம் பழையது என்பதால் படமும் பழையது என்று கொள்ளலாகாது. சில படங்களில் தெய்வத்தின் ஆடைமீது பட்டுத்துணியும் சரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்திருப்பர். செட்டிநாட்டு வீடுகளில் மிகுதியாகக் காணப்பட்ட இவ்வகைப் படங்கள் அச்சகத்தின் உழைப்போடு வீட்டுப் பெண்களின் கைவேலையும் சேர்ந்தவை. ஒன்றைப் போல் மற்றொன்று இராது.

கல்லச்சுப் படம் கிட்டாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. என் கருத்தில், குறைந்த செலவில் தொகுக்கத் தக்கவை சிவகாசி நாட்காட்டிப் படங்களே. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையா ராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவரும் டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலிய அவருடைய மாணவர்களும் தீட்டிய முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியே தென்னாடெங்கும் பரவினர். இப்படங்களின் கீழே கடையின் பெயரும் ஊரும் ஆண்டும் அச்சாகியிருப்பது தனிச்சிறப்பு. இன்று இல்லாத அரிசி ஆலை, மூடப்பட்ட ஜவுளிக்கடை, தமிழும் தெலுங்கும் அருகருகே அச்சான முகவரி என, எல்லைப்புற ஊர்களின் வணிக வரலாறு இவற்றில் எஞ்சி நிற்கிறது. ஆனால், நாட்காட்டி என்பதால் ஆண்டு முடிந்ததும் கிழித்து எறியப்பட்டவை இவை. எஞ்சியவை குறைவு. (டிசம்பர் மாதத்தில் வங்கிக் கிளைக்கு நாட்காட்டிக்காக வருவோர் கூட்டம் வேறெதற்கும் வருவதில்லை. அவர்களுள் எத்தனை பேர் அடுத்த டிசம்பரில் அதைப் பாதுகாக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.)

வாங்க விரும்புவோர்க்குக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் பெயர் பெற்றவை. சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பின் அத்தகைய ஓரிடம் அமையவில்லை. நம் பகுதியில் பழைய மரச்சாமான் விற்பவரும், வீடு இடிக்கும் ஒப்பந்தக்காரரும், பழைய பேப்பர் கடைக்காரருமே வழி. இவர்களிடம் படத்தின் விலை பெரும்பாலும் சட்டத்து மரத்தின் விலைதான். ஒரே படம் இங்குச் சில நூறு ரூபாய்க்கும், பெருநகரக் கடையில் பல ஆயிரத்துக்கும் விற்கக் காணலாம். விற்பவர் முதியவராய், வீட்டுப் பொருளை அறியாமல் தருபவராய் இருப்பின், அது இன்னது என்று சொல்லிவிட்டு விலை பேசுவதே முறை.

கிடைத்த படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பூச்சியன்று, அன்பு மிகுந்த நாம்தான். முதற்கேடு லேமினேஷன். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் எவராலும் பிரிக்க இயலாது. இரண்டாவது, சட்டம் போடுபவர் தம்மிடமுள்ள சட்டத்தின் அளவுக்கு ஏற்பப் படத்தின் ஓரத்தை வெட்டிவிடுவது. அச்சகத்தின் பெயர் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. ‘ஓரத்தை வெட்டாதீர், பசை தடவாதீர், செல்லோடேப் ஒட்டாதீர்’ என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் அட்டை விளிம்பு அமைய வேண்டும். பின்புறத்தில் அமிலமற்ற அட்டை வைக்க வேண்டும். பழைய மரப்பலகையும் ஹார்டுபோர்டும் காகிதத்தைப் பழுப்பாக்கும். கண்ணாடிமேல் தெளிப்பானை அடிக்காமல், துணியை இலேசாக நனைத்துத் துடைக்க வேண்டும்.

மாட்டும் இடமும் முக்கியம். மேற்கு வெயில் நேரே விழும் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், சமையலறைப் புகை எட்டும் சுவர் ஆகிய மூன்றையும் தவிர்க்கலாம். கடற்காற்றின் ஈரம் எட்டும் நம் பகுதியில் சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று உலவும். இராமபாணப் பூச்சியும் கரையானும் குறையும். பல சிறு படங்களை ஒரே சுவரில் நெருக்கமாக மாட்டுவதும், ஒரு பெரிய படத்தைத் தனியே விடுவதும் அழகே. இரண்டும் ஒரே சுவரில் கலந்தால் எதுவும் கண்ணில் நிற்பதில்லை.

தெய்வப் படத்தை அலங்காரமாகக் கூடத்தில் மாட்டலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. நம் முன்னோரின் கூடங்களில் தெய்வப் படங்களும் தாத்தாவின் நிழற்படமும் அருகருகேதான் தொங்கின. பூசை செய்யும் படம் வேறு, பார்த்து மகிழும் படம் வேறு என்று வீட்டார் வகுத்துக்கொள்வதில் பிழையில்லை. கண்ணாடி உடைந்தது என்பதற்காகப் படத்தையே கைவிட வேண்டியதில்லை, கண்ணாடியை மாற்றிவிடலாம். பழைய கண்ணாடியில் குங்குமப் பொட்டு வைத்த தடம் இருப்பின் அதைத் துடைக்குமுன் ஒரு நிழற்படம் எடுத்துவைப்பது நன்று.

பணமும் சட்டமும் பற்றிச் சில. இவ்வகைப் படம் நகையைப் போல் அவசரத்துக்கு அடகு வைக்கக்கூடிய பொருளன்று. நிலையான சந்தை விலையும் இல்லை. எனவே சேமிப்பின் ஒரு பகுதியாக இதைக் கருத வேண்டாம். செலவின் ஒரு பகுதியாகக் கருதுக. அதே வேளையில், வருமான வரிச் சட்டம் கலைப்பொருள்களைச் சொந்த உபயோகப் பொருள் என்ற விலக்கில் சேர்ப்பதில்லை. இலாபத்துக்கு விற்றால் அது மூலதன ஆதாயமாகும். ஆகவே வாங்கிய இரசீது அவசியம். வாரிசாக வந்ததாயின் முன்னவர் வாங்கிய விலையும், 2001 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முற்பட்டதாயின் அந்நாளைய நியாயமான சந்தை மதிப்பும் கணக்கில் வரும், தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்க. வீட்டுக் காப்பீட்டில் கலைப்பொருள்களைத் தனியே குறிப்பிட வேண்டியிருக்கலாம். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருளாகும். தனி நபர் அதை அயல்நாட்டுக்குக் கொண்டு செல்லவோ அனுப்பவோ இயலாது. ரவி வர்மாவின் படைப்புகளோ கலைச் செல்வம் என்று அரசால் அறிவிக்கப்பட்டவை. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ வாழும் மகளுக்குப் பாட்டி வீட்டுப் படத்தைப் பெட்டியில் வைத்து அனுப்ப எண்ணுவோர், இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அன்று என்ற சான்று பெற்ற பின்னரே அனுப்ப வேண்டும். விமான நிலையத்தில் பறிகொடுப்பதைவிட அப்படம் இங்கேயே உறவினர் வீட்டுச் சுவரில் இருப்பது மேல்.

படத்தின் முன்புறம், பின்புறம், கீழ் ஓர எழுத்து ஆகிய மூன்றையும் நிழற்படம் எடுத்து, யாருடைய வீட்டில், எந்தச் சுவரில் இருந்தது, எப்போது கைக்கு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் உள்ள கோப்பிலேயே வைக்கலாம். சட்டத்தின் பின்னட்டையில் எழுதுவதாயின் பேனா வேண்டாம், பென்சில் போதும்.