துறை மாறுவோர் பரிந்துரையாளரைத் தேர்ந்தெடுத்தல்

இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று, முதுநிலையில் பொதுச் சுகாதாரம் பயில விழையும் மாணவர், பரிந்துரையாளரை, அதாவது தம் கல்வித்திறனுக்குக் கடிதம்வழிச் சான்றளிப்பவரை, புதிய துறையில்தான் தேட வேண்டும் என்பதில்லை. இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தை வழிநடத்தி, மாணவர் தரவுகளைக் கையாண்ட முறையையும் பிழைகளைத் திருத்திக்கொண்ட பாங்கையும் நேரில் கண்ட பழைய துறை ஆசிரியரின் விரிவான கடிதம், முகமறியாத துறைத்தலைவர் தரும் பொதுவான பாராட்டைவிடப் பன்மடங்கு மதிப்புடையது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 3 கடிதங்களும், பிரிட்டனில் உள்ளவை பொதுவாக 2 கடிதங்களும் கேட்கும். அவற்றுள் ஒன்றையேனும், இரு துறைகளுக்கும் பாலமாகும் புள்ளியியல் போன்ற பாடத்தைக் கற்பித்தவரிடம் பெறுவது நன்று. துறை மாற்றத்தின் காரணத்தை விளக்கும் நோக்க அறிக்கையையும் மதிப்பெண் பட்டியலையும் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குச் சில வாரங்கள் முன்பே பரிந்துரையாளரிடம் அளித்து, உறுதியாகப் பரிந்துரைக்க இயலுமா என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். தயங்குபவரை வற்புறுத்துதல் கூடாது.