ஒவ்வாமை மாத்திரையும் கஞ்சாவும்: சில வினாக்களும் விடைகளும்

மகரந்தம் மிகுந்து பரவும் பருவத்திலும் சிவராத்திரி, ஹோலி ஆகிய விழாக்களின்போதும் வட மாநிலக் கிராமங்களில் கள ஊழியர்களிடமும் ஆசிரியர்களிடமும் மக்கள் கேட்கும் வினாக்கள் சிலவற்றிற்கு ஈண்டு விடை கூறப்படுகிறது.

1. ஒவ்வாமை என்பது யாது?

பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்யாத தூசி, மகரந்தம், உணவு முதலியவற்றைச் சிலருடைய உடல் பகைப்பொருளெனக் கொண்டு எதிர்க்கிறது. அப்போது சில உயிரணுக்களிலிருந்து ஹிஸ்டமின் என்னும் பொருள் வெளிப்படுகிறது. தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, தோல் தடிப்பு ஆகியவை அதன் விளைவுகளாகும். 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ஆம் ஆண்டில் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே வகுத்தார்.

2. மாத்திரை உண்டால் உறக்கம் வருவது ஏன்?

ஹிஸ்டமின் சென்று பற்றும் இடங்களை மருந்து அடைத்துவிடுவதால் அரிப்பும் தும்மலும் தணிகின்றன. குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் மூளையினுள் எளிதில் புகுவன. விழிப்பைக் காக்கும் ஹிஸ்டமினை அவை அங்கும் தடுப்பதால் உறக்கம் உண்டாகிறது. செட்டிரிசினில் இவ்விளைவு குறைவு. எனினும் அறவே இல்லையென்று கூறுவதற்கில்லை.

3. மாத்திரை உண்டவர் பாங்கு அருந்தலாமா?

கூடாது. பாங்கு கஞ்சாச் செடியின் இலையிலிருந்து ஆக்கப்படுவது. இரண்டும் சேரும்போது மயக்கம் பெருகும். நாடித்துடிப்பு விரைவடைதலும் கூடும். பாங்கின் வேகம் உடனே தோன்றாது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். "ஒன்றும் செய்யவில்லையே" என்று மீண்டும் அருந்துவோர் அளவை மீறிவிடுகின்றனர். அந்நிலையில் வண்டி ஓட்டுதலும் தீவனம் வெட்டும் இயந்திரத்தருகே நிற்றலும் பெருந்தீங்கு விளைக்கும்.

4. இலை சட்டத்தில் விலக்கப்படவில்லையே?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் சரஸையும் பூங்கொத்தாகிய கஞ்சாவையும் தடுக்கிறது. தனி இலை அவ்வரையறையுள் அடங்காது. மாநில விதிகள் அதனை ஆளும். ஆயினும் சட்டத்தின் வேறுபாடு உடலின் வேறுபாடாகாது.

5. கஞ்சாப் புகை இழுப்பு நோய்க்கு மருந்தா?

அன்று. புகை மூச்சுக்குழாய்களை உறுத்துகிறது. அச்செடியின் மகரந்தமே காற்றில் பரவிச் சிலர்க்கு ஒவ்வாமை உண்டாக்குவதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

6. உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுவது எப்போது?

நாக்கோ தொண்டையோ வீங்குதல், மூச்சுத் திணறல், தலைசுற்றி விழுதல் ஆகியவை தோன்றினால் மாத்திரையை நம்பிக் காத்திருத்தலாகாது. அந்நிலையில் உயிர் காக்கும் மருந்து தொடையில் இடப்படும் அட்ரினலின் ஊசியேயாகும்.

நோயாளி வேறு என்ன உட்கொண்டார் என்பதைக் கடிந்துரையாது கேட்டறிதல் வேண்டும். கடிந்தால் அவர் மறைப்பார். மறைத்தால் மருத்துவர் தக்க மருந்தைத் தேர்தல் அரிதாகும்.