ஜாவாவுக்கு ‘யெஸ்’ புரியாது

காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்ட தருமபுரி மாவட்ட நிர்வாகம் தடை போடும். அதைக் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றை ஜாவாவில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘தடை உண்டா?’ என்ற கட்டத்தில் ஒருவர் ‘யெஸ்’ என்று தட்டுகிறார். எழுத்தை மெய்-பொய் மதிப்பாக மாற்றும் பூலியன்.பார்ஸ்பூலியன் மெத்தட் அதை ‘ஃபால்ஸ்’, அதாவது பொய், ஆக்கிவிடும். பிழைச் செய்திகூட வராது. ஆறு பொங்கி ஓடும் நாளில் திரை ‘தடை இல்லை’ என்று சொல்லும்.

அந்த மெத்தட் ‘ட்ரூ’ என்ற ஒரே சொல்லைத்தான் மெய்யாக ஏற்கும். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்காது. மற்றபடி ‘1’, ‘ஆன்’, ‘ஆம்’, காலி ஸ்ட்ரிங், நல் எல்லாமே பொய்தான். ‘ட்ரூ’வுக்குப் பின்னால் ஒட்டிய ஒற்றை இடைவெளிகூடக் காரியத்தைக் கெடுக்கும், கையால் தட்டிய எக்செல் பட்டியல்களில் இது சகஜம்.

ஆகவே முதலில் ட்ரிம் செய்யுங்கள். பிறகு ‘ட்ரூ’, ‘யெஸ்’, ‘ஆம்’, ‘1’ என்றால் மெய், ‘ஃபால்ஸ்’, ‘நோ’, ‘இல்லை’, ‘0’ என்றால் பொய் என்று நீங்களே ஒப்பிட்டு எழுதுங்கள். இரண்டிலும் சேராததைச் சத்தமில்லாமல் பொய்யில் தள்ளாதீர்கள், எக்ஸெப்ஷன் எறியட்டும்.

பூலியன்.கெட்பூலியனை இதற்கு எடுக்க வேண்டாம். பெயர்தான் ஒத்திருக்கிறது, அது சிஸ்டம் ப்ராப்பர்ட்டியைத் தேடிப்போகிற வேறு மெத்தட்.