கடைக்கு இணையத்தில் என்ன பெயர்?

வைத்திக்குப்பத்தில் கருவாடு விற்கிறோம். ஊர்ப் பெயரையே இணையதள முகவரியாக வைக்கலாமா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

வேண்டாம் அம்மா. மாசி மகத் தீர்த்தவாரிக்கு வருகிறவர்களுக்கு உங்கள் ஊர் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள்: ஒரு 'கே'யா, இரண்டா? புதுச்சேரியும் வேண்டாம், 2006-இல் பெயர் மாறியும் பலர் இன்னும் பாண்டிச்சேரி என்றே தேடுகிறார்கள்.

கடைப் பெயரோடு கருவாட்டைச் சேர்த்துச் சின்னதாக வையுங்கள். போனில் ஒருமுறை சொன்னாலே எதிரில் இருப்பவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். கருவாட்டுக்கும் இரண்டு ஸ்பெல்லிங் வரும். இரண்டையும் வாங்கி, ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள். நடுவில் கோடு, எண் கூடாது. டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் இன் தாராளமாகப் போதும்.

முகவரியைத் தளம் செய்து தருபவர் பெயரில் விடாதீர்கள். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். கெடு முடியும் முன் புதுப்பியுங்கள்.