கரிசல் காட்டில் பைபர் படகு: பழைய வள்ளத்தை வீட்டிலேயே புதுப்பிக்க முழுமையான வழிகாட்டி

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகக் கிழக்கே போனால், கரிசல் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் வேம்பார் இருக்கிறது. அங்கிருந்து கீழவைப்பார், தருவைகுளம் என்று தூத்துக்குடி வரை கரையெங்கும் பைபர் படகுகள்தாம். மரவள்ளத்தின் இடத்தைப் பைபர் பிடிப்பது முன்பே தொடங்கியிருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகள் அதை வேகப்படுத்தின. அந்தப் படகுகளுக்கு இன்று இருபது வயது. எஞ்சின் கழற்றப்பட்டு, வெயிலில் வெளுத்து, மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும் கூடுகளை எந்த மீனவர் ஊரிலும் பார்க்கலாம். பைபரின் கண்ணாடி இழை மக்காது, எரித்தால் நச்சுப்புகை. ஆகவே அவற்றில் ஒன்றைப் பிழைக்க வைப்பது செய்ய வேண்டிய வேலை என்றே நான் நினைக்கிறேன்.

அந்த வேலைக்குக் கரிசல் பூமி ஏற்ற இடம். பழைய பைபர் படகின் முதல் எதிரி அதன் உடம்புக்குள் ஊறிய ஈரம். உப்புக்காற்று வீசும் கடற்கரையில் அதை வெளியேற்றுவது பெரும்பாடு. கோவில்பட்டியில் மாசி, பங்குனிக் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

வாங்கும் முன் தட்டிப் பாருங்கள்

முதல் படகுக்கு 18 முதல் 22 அடி போதும். அதற்கு மேல் போனால் கவிழ்க்கவும் நிமிர்த்தவும் ஊரையே கூப்பிட வேண்டியிருக்கும்.

பெயின்ட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஒரு சிறு சுத்தியலின் மரக்கைப்பிடியையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ எடுத்து, அணியம் எனப்படும் முன்முனையிலிருந்து பின்பக்கம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கெட்டியான சத்தம் வரும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். தட்டி முடித்ததும் வட்டங்களை எண்ணினால் படகின் உண்மையான விலை தெரிந்துவிடும்.

அடிப்பக்கத்தில் பட்டாணி அளவுக் கொப்புளங்கள் இருந்தால், கண்ணாடி அணிந்துகொண்டு ஒன்றைக் கூரிய உளியால் குத்துங்கள். பிசுபிசுப்பான நீர் கசிந்து வினிகர் வாடை அடித்தால், தண்ணீர் ஜெல்கோட் எனப்படும் மேற்பூச்சைத் தாண்டி உள்ளே போய் ரெசினோடு வினை செய்திருக்கிறது என்று பொருள். பத்துப் பதினைந்து கொப்புளங்களைச் சரிசெய்துவிடலாம். அடிப்பாகம் முழுக்க அம்மை போட்டதுபோல் இருந்தால் வேறு படகு பாருங்கள்.

கடைசியாக, எஞ்சின் மாட்டும் பின்பலகை. அதற்குள் பிளைவுட் இருக்கும். பழைய போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி முதலில் அழுகுவது அதுதான். விற்பவர் சம்மதித்தால் உட்புறத்தில் 6 மி.மீ. ஓட்டை ஒன்று போடச் சொல்லுங்கள். வெளுத்த மரத்தூள் உலர்ந்து வந்தால் பலகை நலம். கறுத்த சக்கை நசநசவென்று வந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்ற முடியும், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பதிவுக் காகிதம்

‘ஐஎன்டி-டிஎன்’ என்று தொடங்கும் பதிவெண் படகில் இருக்கிறதா, சான்றிதழில் உள்ளதும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். மானியத்தில் வாங்கிய படகாக இருந்தால் விற்க அனுமதி உண்டா என்பதை மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள். எந்த நிறம் அடிக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

கரிசல் மண்ணில் நிறுத்துவது

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வீட்டுச் சுவரையே பிளக்கும் மண் படகுத் தாங்கிகளை விட்டு வைக்காது. ஒரு பக்கம் இறங்கினால் கூடு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலோடு நீங்கள் போடும் புது அடுக்கு அப்படியே இறுகிவிடும், பிறகு படகு ஒருபோதும் நேராக ஓடாது.

அதனால் தாங்கி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முழ ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்து, சரளை போட்டு இடித்து, மேலே கான்கிரீட் பாளமோ பழைய ஆட்டுக்கல்லோ வையுங்கள். சிமென்ட் தளம் இருந்தால் நல்லது. எடை முழுவதும் ஏரா எனப்படும் அடிக்கட்டையின் மேல் உட்கார வேண்டும். பக்கவாட்டில் மணல் நிரப்பிய பழைய டயர்கள் சாய்வைத் தடுத்தால் போதும். வாரம் ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

மேலே பச்சை நிழல்வலை கட்டுங்கள். பக்கங்களை மூடாதீர்கள். காற்று நுழைந்து வெளியேற வேண்டும்.

கழுவுவதும் காயவிடுவதும்

புதிதாகத் தொடங்குபவர்கள் அவசரப்படுவது இங்கேதான். வாங்கி வந்த வாரமே ரெசின் வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து காத்திருங்கள்.

முதலில் ஏராவின் தாழ்ந்த இடத்தில் ஒரு ஓட்டை போட்டுத் தேங்கிய நீரை வடியுங்கள். பிறகு உப்பைக் கழுவ வேண்டும். உப்பு உள்ளே இருக்கும் வரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பாகவே இருப்பதால் அதில் கழுவிப் பயனில்லை. சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரையோ மழைநீரையோ சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். குழாயைத் திறந்துவிட வேண்டாம். வாளியும் துணியுமாக மூன்று நான்கு முறை துடைத்தெடுத்தால் போதும்.

கொப்புளங்களையும் வட்டமிட்ட இடங்களையும் திறந்துவிட்டால்தான் ஈரம் வெளியேறும். திறந்தபின் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு: ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டுங்கள். இரவு முழுக்க விட்டு, மறுநாள் வெயில் ஏறியபின் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. வெவ்வேறு இடங்களில் ஒட்டிப் பார்த்து, எல்லாத் தாளும் வியர்க்காமல் இருக்கும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தை பிறந்ததும் கழுவிக் காயவிட்டு, மாசி பங்குனியில் ரெசின் வேலையை முடிப்பது நல்ல கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கவே வேண்டாம். கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடிக் காற்று ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் செம்மண்ணும் கரிசல் தூசியுமாகக் கொண்டுவந்து ஈர ரெசின் மேல் கொட்டும்.

சாமான்களும் அவற்றின் ஆபத்தும்

வேண்டியவை: பாலியெஸ்டர் ரெசின் (ஐசோ வகை கடல்நீரைக் கூடுதலாகத் தாங்கும்), ஹார்டனர், 450 கிராம் மேட் (கண்ணாடி இழைப் பாய்), 600 கிராம் ரோவிங் (கண்ணாடி இழை நெசவு), அசிட்டோன், கிரைண்டர், 40 மற்றும் 80 எண் உப்புத்தாள், காற்றை அமுக்கி வெளியேற்றும் வரியோடிய இரும்பு ரோலர், மலிவான பிரஷ்கள்.

ஹார்டனர் என்பது பெராக்சைடு. அது கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வை போகக்கூடும். கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும். பட்டால் உடனே கழுவத் தொடங்கி, கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ரெசினில் கோபால்ட் கலக்காமல் வாங்கியிருந்தால் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்து, பிறகே ஹார்டனர். தீப்பெட்டித் தொழில் நடக்கும் கோவில்பட்டியில் மருந்துக் கலவையின் குணத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் தீப்பெட்டி வேலை நடந்தால் இந்தச் சாமான் அங்கே இருக்கவே கூடாது.

தூசிக்கு அணியும் முகமூடி ரெசின் வாடையைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி மாட்டிய முகமூடி தனியாக வேண்டும். தேய்த்த தூசியைச் சாக்கில் கட்டுங்கள். ஆடு மேயும் இடத்தில் கொட்டக்கூடாது.

தேய்ப்பது

பழைய பைபரோடு புதியது ரசாயனமாகக் கலக்காது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். ஆகவே பெயின்ட், ஜெல்கோட் எல்லாம் போய் இழை கண்ணுக்குத் தெரியும் வரை தேய்க்க வேண்டும். உடைந்த இடத்தின் விளிம்பைச் சரிவாக இழைத்து இறக்குங்கள். சரிவின் அகலம் தடிமனைப் போல் 12 மடங்கு. 6 மி.மீ. தடிமனுள்ள அடிப்பாகத்தில் ஓட்டை என்றால், சுற்றிலும் 72 மி.மீ. சரிவு. உள்ளங்கை அளவு ஓட்டை சோற்றுத்தட்டு அளவுக்கு அகன்றதும் பயம் வரும். பயப்பட வேண்டாம், அந்த அகலம்தான் ஒட்டைத் தாங்கப்போகிறது. செங்குத்தான விளிம்பில் வைத்த ஒட்டு முதல் அலையிலேயே கழன்றுவிடும்.

மேட் போடுவது

காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. ஹார்டனர் என்பது பொதுக்கணக்கு. நம் கோடைக்கு 10 மி.லி. அளவே சரி. வேகம் குறையட்டும் என்று அதற்கும் கீழே வெகுவாக இறங்கினால் ரெசின் முழுதாக இறுகாது. ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். குறுகிய டப்பாவில் வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும், அகன்ற தட்டில் ஊற்றினால் நேரம் கிடைக்கும்.

சரிவில் முதலில் ரெசின் தடவி, மேட்டை வைத்து, பிரஷால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்துத் தேய்த்தால் இழை கலையும். வெள்ளை மேட் நனைய நனையக் கண்ணாடியாகத் தெளியும். வெண்புள்ளி தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது, ரோலரால் ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் 450 கிராம் மேட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ரெசின் பிடிக்கும், இறுகியபின் 1 மி.மீ. தடிமன் தரும். மேட், ரோவிங், மேட் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். மூன்று அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் போட்டால் சூடேறி வெடிப்பு விழும்.

சாதாரண ரெசினின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும். நடு அடுக்குகளுக்கு அது நல்லது, அடுத்த அடுக்கு ஒட்டும். கடைசி அடுக்கில் மட்டும் மெழுகுக் கரைசல் கலந்த ரெசின் வேண்டும். எபாக்ஸி பயன்படுத்த நினைத்தால் அது பழைய பாலியெஸ்டர் மேல் நன்றாகவே பிடிக்கும், ஆனால் எபாக்ஸி மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது. அங்கே பெயின்ட்தான் வழி.

பின்பலகை

அழுகியிருந்தால் உட்புறத் தோலை மட்டும் அறுத்தெடுத்து, வெளித்தோலை அப்படியே விட்டு, மரத்தைச் சுரண்டுங்கள். ஐஎஸ் 710 முத்திரையுள்ள 18 மி.மீ. மெரைன் பிளைவுட் இரண்டை ரெசின் நனைத்த மேட் வைத்து ஒட்டிக் கிளாம்ப் போடுங்கள். வெட்டிய ஓரங்களும் ஒவ்வொரு போல்ட் ஓட்டையும் ரெசின் குடித்திருக்க வேண்டும்.

மிதவை

பழைய படகுகளின் காற்றறைகளைத் திறந்து பாருங்கள். தெர்மாக்கோல் இருந்தால் எச்சரிக்கை: பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அது கரைந்து காணாமல் போகும்.

கணக்கு எளிது. 500 கிலோ பைபர் கூடு கடல்நீரில் மூழ்கினால் ஏறத்தாழ 160 கிலோ எடைதான் காட்டும். எஞ்சினையும் சேர்த்தால் 230. ஒரு லிட்டர் காற்று ஒரு கிலோவைத் தூக்கும். பிடித்துத் தொங்குபவர்களையும் எண்ணினால் 300 லிட்டராவது வேண்டும். நன்றாக மூடிய 20 லிட்டர் கேன்கள் 15 போதும். மேல்விளிம்பை ஒட்டி இருபக்கமும் சமமாகக் கட்டினால் படகு நிமிர்ந்து மிதக்கும், அடியில் திணித்தால் கவிழும்.

எஞ்சினும் வயரிங்கும்

40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 70 கிலோ சொச்சம், ஃபோர் ஸ்ட்ரோக் 100 கிலோவை நெருங்கும். மேம்படுத்துகிறேன் என்று 30 கிலோவைப் பின்னால் ஏற்றினால் அணியம் தூக்கிக்கொள்ளும். 20 அடிப் படகுக்கு 40 தேவையே இல்லை, 15 அல்லது 25 போதும். பின்பலகை உயரம் 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்தபின் எஞ்சின் தேடுங்கள். விசிறிக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒட்டி நிற்க வேண்டும்.

வயர் ஈயப்பூச்சுள்ள செம்பாக இருக்கட்டும், ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். போல்ட்டுகள் 316 எவர்சில்வர். ஓட்டைகளை அடைக்க சிலிக்கான் வேண்டாம், பாலியூரிதேன் சீலன்ட் போடுங்கள்.

பூச்சு

பட்டி பார்த்து, 80-லிருந்து 220 வரை உப்புத்தாள் தேய்த்து, பிரைமர், பிறகு பியூ (பாலியூரிதேன்) பெயின்ட் இரண்டு கை. ஸ்பிரே கன்னை விடுத்து ரோலரால் அடியுங்கள், தெளிக்கும்போது எழும் புகை நுரையீரலுக்குக் கேடு.

தண்ணீரில் இறக்கும் நாள்

வேம்பாரிலோ கீழவைப்பாரிலோ, உள்ளூர் மீனவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அலை அடங்கிய விடிகாலையில் இறக்குங்கள். எல்லாருக்கும் மிதவைச் சட்டை. எதிரே தெரியும் தீவுகள் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை, அனுமதியின்றி அங்கே போகக்கூடாது. முதல் அரை மணி நேரம் எஞ்சினைப் போடாமல் கரையோரம் மிதக்கவிட்டு, ஏராவின் தாழ்ந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். நனைந்திருந்தால் நாக்கில் தொட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் எங்கோ கசிகிறது, அன்றே கரையேற்றுங்கள். காய்ந்திருந்தால் எஞ்சினைப் பாதி வேகத்தில் ஓட்டி, திரும்பி வந்து பின்பலகை போல்ட்டுகளை ஒருமுறை முறுக்குங்கள். புதுப் பலகை சற்று அமுங்கியிருக்கும், ஒவ்வொன்றும் கால் சுற்றாவது வாங்கும்.